கிளியரன்ஸ் அக்கா

வீட்டுக்குள் வருகிறவரை அவர் ஒன்றும் கேட்க மாட்டார். யார், என்ன, கையில் என்ன பை என்று எதுவும் கிடையாது. கிளம்புகிறவரைத்தான் கேட்பார். கேட்டின் கொண்டியில் கை வைக்கிற நேரத்துக்குச் சரியாக உள்ளேயிருந்து குரல் வரும்.

"எடுத்ததெல்லாம் வெச்சாச்சா? கொண்டுவந்ததெல்லாம் எடுத்தாச்சா?"

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் அந்த க்வார்ட்டர்ஸை விட்டு யாரும் வெளியே போனதில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா, ஃபேன் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், சிலிண்டர் போட வந்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ஒரு தடவை வீட்டு வாசலில் ஓட்டு கேட்டுவிட்டுப் போன ஒரு வேட்பாளரைக்கூட அவர் கேட்டதாக ப்ளாக்கில் சொல்வார்கள். அந்த ஆள் பயந்துபோய்ச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாராம்.

அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் லைப்ரரி, ஆஸ்பத்திரி, ஸ்டோர்ஸ், க்வார்ட்டர்ஸ் என்று ஒவ்வோர் இடமாக அலைந்து, 'எங்கள் பொருள் எதுவும் இவரிடம் இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு கிளியரன்ஸ் என்று பேர். சுரங்கத்துப் பக்கமே போகாத அவருக்கு ப்ளாக்கில் அதுதான் பேராகிவிட்டது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்னிடம் சொன்னார்: "கிளியரன்ஸ் அக்கா வூட்டுக்கா போற? வரும்போது ஜோபிய ஒதறிட்டு வா. ஒரு நூலு ஒட்டிகினு வந்தாக்கூட வுடமாட்டாங்க."

அவருடைய சொந்தப் பேரை நான் சொல்லப்போவதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

நான் அந்த வீட்டுக்குப் போனது மரம் வெட்ட. மழைக்காலத்தில் ஒரு பெரிய கிளை முறிந்து சன்ஷேடின் மேல் சாய்ந்திருந்தது. மேஸ்திரி எங்கள் மூன்று பேரை அனுப்பினார். மேல்பட்டாம்பாக்கத்தை அடுத்த ஒரு காலனி எனக்கு ஊர். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டேன். கரும்பு வெட்டினேன், திருப்பூரில் துணி பேல் கட்டினேன், ஓசூரில் சாரத்திலிருந்து விழுந்தேன், ஒரு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். எந்த ஊரிலும் ஒன்றரை வருடம் தாண்டியதில்லை. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அந்த அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கேள்வி வந்தது. எங்கள் தெருவிலிருந்து போகிறவனை வாசலில் நிறுத்திச் சோதிப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு ஏனோ பொறுக்கவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் கொட்டினேன்.

"பாத்துக்கோங்க. கயிறு, துண்டு, டிபன் பாக்ஸ். வேற ஒண்ணும் இல்ல."

அவர் பையைப் பார்க்கவில்லை. சுவரோரம் கையைக் காட்டினார்.

"உங்க அரிவாள் அங்க சாத்தியிருக்கு. மறந்துட்டுப் போறீங்க."

போய் எடுத்தேன். கொட்டினதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மாதிரி வேலைய திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னா சலிச்சுக்குவீங்களா?"

"கரும்பு வெட்டினவங்க, சலிப்புன்னு சொன்னா சிரிப்பாங்க."

"நாளைக்கு வாங்க" என்றார்.

வேலை இதுதான். ஹாலில் ஒரு மேசை. அதன் மேல் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி, முகப்பில் சின்னத் திரை. ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்குமே, விரலில் ஒரு கவ்வியை மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டுவது, அந்தப் பெட்டி. கவ்வியின் வயரைப் பெட்டியில் செருக வேண்டும், பச்சை விளக்கு எரிந்ததும் விரலை மாட்ட வேண்டும், எண் வந்ததும் வயரைப் பிடுங்க வேண்டும். மறுபடி செருக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. பக்கத்தில் அவர் லேப்டாப்பில் வெள்ளை வெள்ளையாக வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பு வரி வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும்.

பெட்டியைச் செய்வது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. அவர் அதில் கான்ட்ராக்ட், வீட்டிலிருந்தபடியே வேலை. சோதனைக்காக ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெட்டி இரண்டு முறை உறைந்துபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. உறைந்தால் அணைந்துவிடாது, கடைசியாகக் காட்டிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் பழைய பெட்டி ஒன்றை வைத்து எனக்குக் காட்டினார். என் விரலை எடுத்த பிறகும் திரையில் எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு என்று நின்றது. விரல் என் கையில் இருந்தது, துடிப்பு பெட்டியில் இருந்தது. 

"லீக்" என்றார் அவர்.

நான் குனிந்து மேசைக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குள் படுத்திருந்த அவருடைய அப்பா பெரிதாகச் சிரித்தார்.

"தண்ணி இல்லைங்க" என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். "இந்தப் பெட்டிக்குள்ள நெறைய வேலை நடக்குது. ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் இடம், கொஞ்சம் சாமான் வேணும். அதெல்லாம் எடுத்துக் குடுத்து, முடிஞ்சதும் திருப்பி வாங்கி வைக்கிறது ஒண்ணு அடியில இருக்கு. கர்னல்னு பேரு. எடுத்தவன் திருப்பி வைக்காமப் போயிட்டா, ஒரு நாள் சாமான் தீந்து பெட்டி நின்னுபோயிடும். அதுதான்..."

"டூல் ரூம்னு சொல்லேன் ட்டி. டக்குனு புரிஞ்சுட்டுப் போவுது" என்றார் அப்பா.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இருபது வயதில் வந்து சுரங்க ஒர்க்‌ஷாப்பில் டூல் ரூமில் சேர்ந்தவர், அந்த ஜன்னலுக்குப் பின்னாலேயே ரிட்டயர்மென்ட் வரைக்கும் வந்துவிட்டார். ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் நம்பர் வெட்டியிருக்கும். வில்லையைக் கொடுத்தால் ஸ்பானர் கிடைக்கும். ஸ்பானர் இருந்த ஆணியில் வில்லை தொங்கும். ஷிப்ட் முடியும்போது பலகையைப் பார்த்தால் போதும், யாரிடம் எது நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

"திருடுவாங்கன்னா?" என்று கேட்டேன்.

"திருடினாக்கூடப் பரவால்லவே, வீட்டுக்குத்தான கொண்டுபோவான்? கரி போற பெல்ட்டு பக்கத்துல வெச்சுட்டு வந்துட்டான்னு வையி. ஒரு ஸ்பானரு உள்ள விழுந்துச்சுன்னா கிலோமீட்டர் கணக்குல பெல்ட்ட கிழிச்சுட்டுப் போவும். அதுக்குத்தான் கேக்கறது."

அக்கா செய்துகொண்டிருந்தது அந்தப் பலகையைத்தான். வயரைப் பிடுங்கும்போதெல்லாம் பெட்டி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்: எடுத்ததெல்லாம் வைத்தாயிற்றா? குறைந்தால் சிவப்பு வரி. எது எடுத்தது, யார் எழுதிய நிரலில் எடுத்தது என்று பேரோடு வரும். அதற்கு செக் என்று சொன்னார். கம்பெனியில் யாருக்கும் அது தேவையாகத் தெரியவில்லை. உறைந்ததற்கு ஆஸ்பத்திரியின் கரண்ட்தான் காரணம் என்று மேனேஜர் நினைத்தார். இவர்தான் மன்றாடி வைத்தார்.

அப்பாவுக்கு வேலை முடிய ஐந்து மாதம் இருந்தது. முடிந்தால் க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெட்டி அந்த மாதம் இருபதாம் தேதிக்குள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டால் அக்காவைப் பெர்மனென்ட் ஆக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால் பையனின் பேருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, "மெயில் வந்துட்டா ட்டி?" என்பார். "மாசம் முடியட்டும்பா" என்பார் இவர்.

செக் வைத்த முதல் வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. நான் வயரைப் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரி. முந்நூறு தடவை பிடுங்கினால் முந்நூறு வரி. எல்லா வரியிலும் சென்னையில் வேலை செய்கிற ஒரு பையனின் பேர். அக்கா உடனே கம்பெனிக்கு எழுதிவிட்டார். அங்கே பெரிய கலவரம். அந்தப் பையனை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவன் போனில் அழுதான். "அக்கா, நான் திருப்பிக் குடுத்திருக்கேன் க்கா. எத்தன தடவ பாத்துட்டேன்" என்றான்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுங்க. அவன் திருப்பித்தான் குடுத்திருக்கான். அது வந்து சேர கண் சிமிட்டற நேரம் ஆகுது. நான் அதுக்குள்ள கேட்டுட்டேன்." லேப்டாப்பை மூடிவிட்டு, "ஷிப்ட் பஸ்ஸு வரதுக்கு முன்னாடியே பஸ்ஸுல வர்றவனுக்கு ஆப்சென்ட் போட்டுட்டேன்" என்றார்.

கம்பெனியில் எல்லோரும் இருந்த கூட்டத்திலேயே போனில் அதைச் சொன்னார். அந்தப் பையனிடம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு, கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருந்து கேட்கும்படி செக்கை மாற்றினார். சிவப்பு வரி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மேனேஜர் அந்த பஸ் கதையை மறக்கவில்லை.

அக்கா எதையும் மிச்சம் வைக்கத் தெரியாதவர். சில சமயம் அதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கல்யாணமாகி, பெங்களூரில் மூன்று வருடம் இருந்து, திரும்பி வந்தவர். அதை அவர் சொன்னதில்லை. ஒரு மதியம் அவர் போஸ்ட் ஆபீஸ் போயிருந்தபோது அப்பாதான் சொன்னார்.

"சண்டை சத்தம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் பிரிஞ்சாச்சு. இவ எழுதி வெச்சு, அவங்க வீட்டு சாமான் அம்புட்டையும் கொடுத்துட்டு வந்துட்டா. இங்க வந்து பெட்டியத் தொறந்தா, ஒரு ஸ்பூன். அவங்க வீட்டுது. வெள்ளியா? இல்லவே, எவர்சில்வரு. கூரியர்ல அனுப்புதா. அந்த அத்தைக்காரி போன் போட்டு அழுதுட்டா. எங்க வீட்டு ஞாபகமா ஒரு ஸ்பூனுகூட ஒங்கிட்ட இருக்கக்கூடாதா தாயீன்னு."

"அக்கா என்னாங்க சொன்னாங்க?"

"இருந்தா நான் அங்க வந்து போயிட்டே இருப்பேன் அத்தைன்னா."

 நான் போன ஊரிலெல்லாம் எதையாவது விட்டுவிட்டு வந்தவன். திருப்பூரில் ஒரு போர்வை, ஓசூரில் இரண்டு பல், ஒரு ஊரில் சொல்லாமல் வந்துவிட்ட ஒரு மனுஷி. அவையெல்லாம் எனக்காகக் காத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாதம் பாதி தாண்டியது. பத்துப் பதினைந்து நாளாகச் சிவப்பு வரியே இல்லை. சென்னையில் ஒரு மெஷின் வைத்துச் செருகிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், அதிலும் இல்லை. பெட்டி நன்றாக இருக்கிறது, அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அங்க ரெண்டு தடவ நின்னுபோச்சே. ஏன் நின்னுச்சு? எதுவோ எடுத்துட்டுப் போயிருக்கு. இங்க வர மாட்டேங்குது."

எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. படித்தவர்கள் வேலையில் வாய் வைக்கக் கூடாதென்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னேன்.

"அக்கா, நர்ஸுங்க இப்டி சொருவ மாட்டாங்க."

அவர் திரும்பினார். "எப்டி?"

"நாம குந்திகினு நேராப் பாத்து சொருவறோம். அவங்க ஒரு கையில பேஷண்ட்டப் புடிச்சுகினு இருப்பாங்க. இன்னொரு கையால பெட்டியப் பாக்காமயே சொருவுவாங்க. பாதிதான் போவும். லைட்டு மினுக்குனு ஒண்ணு வரும், போயிடும். அப்றம் புடுங்கிட்டு மறுபடி அமுக்குவாங்க. அவசரத்துல நாலு தடவகூட அப்டி நடக்கும். எட்டு மாசம் பாத்துருக்கேன்."

அவர் எழுந்து வந்து என் இடது பக்கம் நின்றார். தன் கையை நீட்டினார்.

"நான்தான் பேஷண்ட். பிடிச்சுக்குங்க. அவங்க மாதிரியே பண்ணுங்க."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் வயரை அழுத்தினேன். பாதி போயிற்று. விளக்கு மினுக்கியது, அணைந்தது. பிடுங்கினேன். லேப்டாப்பில் சிவப்பு வரி.

"இன்னொரு தடவ."

சிவப்பு.

"இன்னொண்ணு."

சிவப்பு. அவர் கையை விடுவித்துக்கொண்டு திரைக்கு அருகில் போனார். வரியில் இருந்த பேரைப் படித்தார். அவருடைய முகம் எப்படி மாறியது என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தில் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் நிமிர்வாரே, அப்படி நிமிர்ந்தார்.

"இது நான் எழுதினது" என்றார். "எட்டு வருஷம் முன்னாடி, பெங்களூர்ல. கர்னல்ல எல்லாருக்கும் பொதுவாப் போட்டது, எத்தனையோ பேர் எடுத்து உபயோகிக்கிறாங்க."

பிறகு எனக்கா அவருக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். வயரைச் செருகியதும் பெட்டி மூன்று சாமான்களை வரிசையாக எடுக்கிறது. முதலிரண்டை எடுத்துவிட்டது. மூன்றாவதை எடுப்பதற்குள் தொடர்பு போய்விட்டது. சரி, இந்த வேலை நடக்கவில்லை என்று திரும்பிவிடுகிறது. எடுத்த இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு.

"வேலை முடிஞ்சா எல்லாத்தையும் திருப்பி வைக்கணும்னு எழுதியிருக்கேன். பாதியில நின்னா என்ன பண்றதுன்னு எழுதல. பாதியில நிக்கும்னே அப்ப எனக்குத் தோணல."

மேனேஜருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"போன வாட்டி பஸ் கதை. இது என்ன மேடம், ரயில் கதையா?"

"இல்ல சார். நெஜமாவே லீக். பாதி சொருகினா வருது."

"இங்க மெஷின் ராவும் பகலும் சொருகிட்டு இருக்கு. ஒரு வரி வரல."

"மெஷின் நேராச் சொருகுது சார்."

"உங்க ஆள் கோணலாச் சொருகுறாரு. அதானே? அவர் என்ன படிச்சிருக்காரு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். "ஒம்போதாவது பாதிங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஒம்போதாவது பாதி, பாதி சொருகினதுக்கு நான் பெட்டியெல்லாம் நிறுத்தி வைக்கணுமா? பாருங்க மேடம். திருடன் யாரும் வரல, நாய்தான் குலைச்சுக்கிட்டே இருக்கு. நாயைக் கட்டிப் போடுங்க. அந்த செக்கை எடுத்துட்டு அனுப்புங்க. ரிப்போர்ட்டுல டெஸ்டர் தவறாகக் கையாண்டார்னு ஒரு வரி போட்டுடலாம். அடுத்த வெர்ஷன்ல சாவகாசமா சரி பண்ணிக்கலாம்."

"யார் எழுதினதுல லீக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

"யாரு?"

"நான்."

மேனேஜரின் குரல் இறங்கியது. அது கெட்ட மனுஷன் குரல் இல்லை. "அப்ப உங்களுக்குத்தாம்மா நல்லது. யாருக்கும் தெரியப் போறதில்ல. இருபத்தஞ்சாம் தேதி லிஸ்ட் போகுது. பெட்டி தேதிக்குப் போகலேன்னா உங்க பேரை நான் எப்படிச் சேர்க்கிறது? ஒரு நாள் டைம் எடுத்துக்குங்க."

போன் வைத்ததும் அப்பா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் காப்பி டம்ளர்.

"எடுத்துரு ட்டி" என்றார். "ஒரு வரிதான. அந்தாளே சொல்லுதான், பொறவு பாத்துக்கலாம்னு. அஞ்சு மாசம் கழிச்சு நாம எங்க போயி நிக்க?"

நான் வெளியே போகலாமா என்று எழுந்தேன். அக்கா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அப்பா, நீங்க பலகையப் பாக்காம ஷிப்ட் முடிச்சு வந்திருக்கீங்களா?"

அப்பா டம்ளருக்குள் பார்த்தார். "ஒரு தடவ. உங்கம்மைக்கு வலி எடுத்துட்டுன்னு ஆள் வந்து சொன்னான். நீ பொறந்த அன்னிக்கு."

"ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆவல ட்டி. ஆனா ஒன்னயத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன், காது மட்டும் ஆபத்துச் சங்கு ஊதுதான்னு சுரங்கத்துப் பக்கமே இருந்துச்சு." அவர் உள்ளே போய்விட்டார். போகும்போது, "ஒன் இஷ்டம்" என்றார்.

அக்கா அந்த ஒரு நாள் டைமை எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே மேனேஜருக்கு இரண்டு வரி எழுதினார். செக்கை எடுக்க மாட்டேன். பிழை என்னுடையது, சரி செய்த பிறகே பெட்டி போகலாம்.

சரி செய்வதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. அதைச் சோதிக்க இன்னும் பல நாள் வேண்டும். பாதி, முக்கால், கால் என்று விதவிதமாகச் செருகிக்கொண்டே இருந்தேன். நர்ஸுகளின் அவசரத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஞாபகப்படுத்திச் செய்தேன். "இப்ப பேஷண்ட் கையை உதறுறாரு" என்பார் அக்கா, தன் கையை உதறிக்கொண்டே. "இப்ப டாக்டர் கூப்பிடுறாரு." நான் திரும்பிப் பார்த்தபடி வயரை இழுப்பேன். அந்த நாட்களில்தான் அவர் அதிகமாகச் சிரித்தார். இதற்குள் தேதி தவறிவிட்டது. 

ஒரு காலையில் லேப்டாப்பிலிருந்து நிமிராமலே கேட்டார்.

"உங்க முழுப் பேர் என்ன? இனிஷியலோட."

"எதுக்குங்க?"

"எழுதணும்."

என் முழுப் பேரை எழுதிய இடங்களெல்லாம் எனக்குத் தெரியும். ஓசூரில் விழுந்தபோது ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு தடவை ஸ்டேஷனில் எழுதினார்கள்.

"என்னா க்கா, என் மேல கேஸா? டெஸ்டர் தப்புன்னு போடப் போறாங்களா?"

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கர்னல்ல ஒரு வழக்கம் இருக்குங்க. எங்கயோ இருக்கிற யாரோ ஆரம்பிச்சது, எல்லாரும் பண்ணுவோம். ஒரு தப்பைத் திருத்தினா, திருத்தத்துக்குக் கீழ எழுதணும். யார் கண்டுபிடிச்சுச் சொன்னாங்கன்னு ஒரு வரி. யார் திருத்தினாங்கன்னு ஒரு வரி. ரிப்போர்ட்டட் பை அப்டின்னு போட்டு உங்க பேர். அது கம்பெனியோட போகாது. நான் எழுதின பழசு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் போகும்."

"நான் ஒண்ணும் கண்டுபுடிக்கலியே. நர்ஸு மாதிரி சொருவுனேன்."

"அதான் கண்டுபிடிச்சது. சொல்லுங்க, இங்கிலீஷ்ல எப்டி எழுதுவீங்க?"

ஒன்பதாவது வகுப்பு ரெஜிஸ்டரில் வாத்தியார் எழுதியிருந்தபடி எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நடுவில் ஓர் எழுத்தில் தடுமாறினேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

இருபத்தைந்தாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் மெயில் வந்தது. அப்பா கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார்.

"லிஸ்டா ட்டி?"

"ஆமாப்பா."

"பேரு?"

"என் பேர் இல்லப்பா. அந்தப் பையன் பேர் இருக்கு. பஸ் பையன்."

அப்பா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். கை கழுவிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். சுரங்கத்தில் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தார். "நேத்து இது வந்துச்சு. கர்னலைப் பாத்துக்கிறவங்க நம்ம திருத்தத்தை எடுத்துக்கிட்டாங்க. கீழ படிங்க."

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டார். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, பலகையில் நம்பர் படிப்பது போல, என் பேரை இனிஷியலோடு படித்தார்.

"இது யாருவே?"

"நான்தாங்க."

"ஒம் பேரா இது? நான் இத்தன நாளா வேற என்னமோல்லா கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்." கீழே இருந்த வரியையும் படித்தார். அது மகளுக்கு அவர் வைத்த பேர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

"எப்பவும் இருக்கும்பா. யாரும் எடுக்க முடியாது. நாளைக்கு இந்தத் திருத்தமே வேணாம்னு எடுத்தாக்கூட, இன்னார் சொல்லி இன்னார் பண்ணினதை எடுத்தோம்னு அங்க எழுதியிருக்கும்."

"அப்ப பெர்மனென்ட்டு."

"ஆமாப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். ஆர்டர் வாங்கிய பையனை அந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வை. "ஒம்போதாவதுல நின்னவனுக்குப் பெர்மனென்ட்டு. பி.ஈ. படிச்ச எம் மவளுக்கு கான்ட்ராக்டு. நல்லாருக்குவே நாடு."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவின் சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகி, அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. லேப்டாப்பை அப்பா மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். என் இடது பக்கம் வந்து நின்று கையை நீட்டினார்.

"பிடிங்க" என்றார். "இன்னும் முந்நூறு இருக்கு."